படைப் பணிப் பதிவேட்டில் மூன்று பிழைகள்: எதை முதலில் திருத்துவது?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): நான் 1972 ஜனவரியில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1989-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது சென்னை பழவந்தாங்கலில் மனைவியோடு வசிக்கிறேன். படையை விட்டு வரும்போது தந்த என் டிஸ்சார்ஜ் புக்கில் மூன்று தவறுகள் இருக்கின்றன. மனைவியின் பெயர் சரஸ்வதி. அதில் சரசு என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ்படி நான் பிறந்தது 1955 ஏப்ரலில். பட்டாளத்தில் 1-7-1954 என்று எழுதிவிட்டார்கள். 1987, 88-ல் அமைதிப் படையோடு இலங்கையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இடது காலில் காயம்பட்டுச் சென்னை ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, மெடலும் வரவில்லை. மூன்றையும் திருத்தித் தரக் கோரி ஆறு பக்க மனு எழுதிக் குடியரசுத் தலைவர், பாதுகாப்பு அமைச்சர், தரைப்படைத் தலைமைத் தளபதி ஆகிய மூவருக்கும் அனுப்ப இருக்கிறேன். அதற்கு முன் தங்கள் ஆலோசனை வேண்டும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாய வழக்கறிஞரின் பதில்:

ஐயா, வணக்கம். அந்த ஆறு பக்க மனுவை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். குடியரசுத் தலைவருக்கு எழுதினாலும் அமைச்சருக்கு எழுதினாலும் அது படிப்படியாகக் கீழிறங்கி, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள, படைவீரர்களின் பணி ஆவணங்களைக் காக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸில் ஏதோ ஒரு மேசைக்குத்தான் வந்து சேரும். வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்ட மூன்று கோரிக்கைகள் ஒரே மனுவில் கிடப்பதைப் பார்க்கும் அலுவலர், அவற்றுள் மறுப்பதற்கு எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மொத்த மனுவுக்கும் சேர்த்து ‘விதிகளில் இடமில்லை’ என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிடும் வாய்ப்பு மிகுதி. உங்கள் கோரிக்கைகளில் மனைவியின் பெயர் உடனே திருத்தப்பட வேண்டியது. இலங்கைப் பணி முயன்று பார்க்க வேண்டியது. பிறந்த தேதியைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், பிழை எந்தத் தாளில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் மூல ஆவணம் அன்று. நீங்கள் படையில் சேர்ந்தபோது திறக்கப்பட்ட ஷீட் ரோல்தான் மூலம். திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் எல்லாம் உங்கள் பட்டாலியன் அவ்வப்போது வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர்கள் என்னும் ஆணைகளின் வழியாக அதில் ஏறின. நீங்கள் வெளியேறும் சமயத்தில் பதிவேட்டைப் பார்த்து எழுதியது டிஸ்சார்ஜ் புக். ஓய்வூதியத்துக்காக ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய விவரங்களைக் கொண்டு, அன்றைய அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், ஓய்வூதியம் வழங்கும் ஆணையாகிய உங்கள் பி.பி.ஓ.வை வெளியிட்டது. அந்த விவரங்கள் அண்மை ஆண்டுகளில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் கணினித் தளத்துக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறை பெயர்த்து எழுதும்போதும் ஒரு பிழை புகுந்திருக்கலாம். ‘பழைய பிழை’ என்று சொல்லி ஓய்வூதியர்கள் என்னிடம் கொண்டுவருகிறவற்றுள் பல, பழைய தாளில் சரியாக இருந்து, கணினியில் ஏற்றும்போது உண்டானவை. அப்படியானால் மூல ஆவணத்தின் நகலைக் காட்டினாலே போதும். மூலத்திலேயே பிழை இருந்தால் வழி வேறு, கேட்கப்படும் சான்றுகளும் வேறு.

ஆகவே முதலில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். படை எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, பி.பி.ஓ. எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உங்கள் ஷீட் ரோல், குடும்ப விவரம் அடங்கிய கிண்ட்ரட் ரோல், ரெஜிமென்டில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடாகிய லாங் ரோலில் உள்ள பதிவு, வெளியேறும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது படையின் வழக்கம். நீங்கள் ஓய்வூதியர் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. லாங் ரோல் நிலையாகப் பாதுகாக்கப்படுவது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. உங்களைப் பற்றிய ஆவணத்தை நீங்களே கேட்கும்போது, தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி மறுக்கவும் முடியாது. ஆனால் இந்தச் சட்டம் ஆவணத்தின் நகலைப் பெற்றுத் தருமே அன்றி, பிழையைத் திருத்தித் தராது. ‘ஏன் எழுதவில்லை’, ‘யார் பொறுப்பு’ என்று விண்ணப்பத்தில் கேட்காதீர்கள். அவ்வகைக் கேள்விகள் முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிட அவர்களுக்கு வழி செய்து கொடுக்கும். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, மனைவியின் பெயர். உங்கள் கடிதத்தில் இதற்கு நான்கு வரி ஒதுக்கிவிட்டு, பிறந்த தேதிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நியாயமாக இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உங்கள் காலத்துக்குப் பின் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய குடும்ப ஓய்வூதியம் இந்தப் பெயரில்தான் நிற்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை எல்லாவற்றிலும் சரஸ்வதி என்றும், பி.பி.ஓ.வில் சரசு என்றும் இருந்தால், நீங்கள் உயிரோடு இருக்கும்போது இருவர் கையெழுத்தில் முடிகிற காரியம், பிறகு அவர் தனியாக நின்று, தான்தான் அந்தச் சரசு என்று அலுவலகம் அலுவலகமாக மெய்ப்பிக்க வேண்டியதாகிவிடும். அதுவரை ஓய்வூதியம் நிற்கும். மருத்துவ வசதிக்கான ஈ.சி.எச்.எஸ். அட்டைக்கும் இதே சிக்கல் வரலாம்.

திருமணமான புதிதில் விடுப்பு முடிந்து திரும்பிய சிப்பாயிடம் மனைவி பெயரைக் கேட்ட எழுத்தருக்கு, வீட்டில் அழைக்கும் பெயரை நீங்கள் சொல்லியிருக்கலாம்; நீங்கள் சரியாகச் சொல்லி, தமிழ் அறியாத அவர் பாதியில் நிறுத்தியும் இருக்கலாம். யார் தவறு என்பதை இப்போது ஆராய வேண்டாம், மனுவிலும் எழுத வேண்டாம். ‘பதிவேட்டில் சரசு என்று குறிப்பிடப்பட்டிருப்பவரும், ஆதார் முதலிய ஆவணங்களில் சரஸ்வதி என்று குறிப்பிடப்பட்டிருப்பவரும் என் மனைவியாகிய ஒருவரே, எனக்கு வேறு மனைவி இல்லை’ என்று நீங்களும், அதற்கு ஒத்த வாசகத்தில் அவரும், நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுங்கள். இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம், இருவரின் ஆதார், அவருடைய பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல், பிள்ளைகளின் பள்ளி அல்லது பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் உள்ள பக்கம், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மேலொப்பத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். உங்கள் திருமணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். உங்கள் திருமணத்தை அன்றே வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர் அதற்கு நல்ல சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். அம்மா தம் பெயரை என்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. பிறந்தது முதல் அவர் சரஸ்வதிதான். ‘சரசு என்னும் நான் இன்று முதல் சரஸ்வதி என்று அழைக்கப்படுவேன்’ என்று அரசிதழில் வந்துவிட்டால், அந்தத் தேதிக்கு முந்தைய பள்ளிச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள சரஸ்வதி யார் என்ற புதிய கேள்வியை நாமே எழுப்பியதாகும். ஆகவே பெயர் மாற்றம் என்று கேட்காமல், பெயர்ப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் அரசிதழும் நாளிதழ் விளம்பரமும் கட்டாயம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்நிலையிலும் இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற வாசகத்தில்தான் வெளியிட வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டதும் புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிடும். பிறகு பிரயாக்ராஜிலிருந்து திருத்தப் பி.பி.ஓ. வர வேண்டும். பார்ட் டூ ஆர்டர் வந்தவுடன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் அநேகர். ஸ்பர்ஷ் தளத்தில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து, குடும்ப உறுப்பினர் பகுதியில் பெயர் மாறியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அது முடியவில்லை என்றே கொள்ளுங்கள். தாமதமானால், பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களின் குறைகளைக் கேட்கும் ரக்ஷா பென்ஷன் அதாலத் நடக்கும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இத்தகைய வேலைக்கு அது பொருத்தமான இடம். உங்கள் சொந்தப் பெயரில் ஆதாரில் தந்தை பெயர் பின்னாலும், டிஸ்சார்ஜ் புக்கில் தலைப்பெழுத்து முன்னாலும் இருப்பதாக ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டு ஓய்வூதியர்களில் பெரும்பாலோருக்கு உள்ளதுதான் அது. இதே உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

பிறந்த தேதியைப் பற்றி நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் 1972 ஜனவரியில் சேர்ந்தீர்கள். 1954 ஜூலை என்ற பதிவின்படி அப்போது உங்களுக்குப் பதினேழரை வயது நிறைந்திருந்தது. நீங்கள் இப்போது கேட்கும் 1955 ஏப்ரல் என்ற தேதியை ஏற்றால், உங்களுக்கு அன்று பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. சிப்பாயாகச் சேர்ந்திருக்கவே முடியாது. அந்தப் படிவத்தில் சொன்ன பதில்கள் உண்மையானவை என்று கையெழுத்திட்டுச் சேர்ந்திருக்கிறீர்கள். சேரும்போது தவறான பதில் தருவது ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு யாரும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கப் போவதில்லை. ஆனால் பள்ளிச் சான்றிதழை உங்கள் கைப்படவே அனுப்பிவைத்து, அன்று சொன்ன வயது தவறு என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, அதே உறையில் உள்ள மற்ற இரண்டு கோரிக்கைகளையும் அவர்கள் எந்தக் கண்ணோடு படிப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பணியில் இருக்கும்போதே காலம் கடந்து பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதை, 1993-ல் ஹர்ணாம் சிங் வழக்கிலும், தமிழ்நாடு அரசு ஊழியர் தொடர்பான 1994-ஆம் ஆண்டு வேணுகோபாலன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங், தாம் பிறந்தது 1951 என்றும் பதிவேட்டில் 1950 என்று இருப்பது தவறு என்றும் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2012 பிப்ரவரியில் நீதிபதிகளின் மனப்போக்கைக் கண்டு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணியை விட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஒருவருக்கு வேறு தீர்ப்புக் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. ஓய்வூதியருக்கு 80 வயதானால் கூடுதல் ஓய்வூதியமாக 20 சதவீதம் சேரும்; 85-ல் 30, 90-ல் 40 என்று அது உயரும். பதிவேட்டில் உள்ள தேதிப்படி அது உங்களுக்கு 2034 ஜூலையில் தொடங்கும். நீங்கள் கேட்கும் திருத்தம் கிடைத்தால் 2035 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்கே இழப்பு உண்டாக்கும் ஒரு திருத்தத்துக்காக மற்றவற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

இலங்கைப் பணி அப்படிப்பட்டதன்று. அதில் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானதைத் தொடர்ந்து அமைதிப் படை சென்றது, அக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து கைப்பற்றும் ஆபரேஷன் பவன் தொடங்கியது, 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியது ஆகியவை எவரும் மறுக்காத வரலாறு. உங்கள் பட்டாலியன் அங்கே இருந்ததா, அந்தத் தேதிகளில் நீங்கள் பட்டாலியனோடு இருந்தீர்களா என்ற இரண்டும்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. இவ்விஷயத்தில் ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் நினைவை விரித்து எழுதுகிறார்கள். எந்தச் சாலையில் கண்ணிவெடி வெடித்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. பதிவேட்டைத் திருத்துபவருக்கு அது பயன்படாது. அவர் தேடுவது, அதே காலத்தில் எழுதப்பட்ட இன்னொரு தாளை. மருத்துவமனையில் சேர்ந்ததும் வெளியேறியதும் பார்ட் டூ ஆர்டரில் வந்திருக்க வேண்டும். காயத்துக்கான அறிக்கை பட்டாலியனிலிருந்து சென்றிருக்க வேண்டும். உங்கள் மருத்துவ வகைப்பாடு, அதாவது உடல்தகுதித் தரம், தற்காலிகமாகக் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கும் ஆணை இருக்கும். வெலிங்டனிலேயே உள்ள சம்பளக் கணக்கு அலுவலகத்தில் அந்த மாதங்களின் கணக்கு இருந்தால், இலங்கையில் இருந்ததற்கான படித்தொகை அதில் தெரியும்.

வீட்டிலும் தேடுங்கள். அந்நாளில் நீங்கள் எழுதிய இன்லேண்ட் கடிதங்களை அம்மா பரணில் போட்டு வைத்திருந்தால், அவற்றின் மீது உள்ள ராணுவ அஞ்சல் முத்திரையும் தேதியும், இன்று எழுதி வாங்கும் பத்து உறுதிமொழிப் பத்திரங்களைவிட மதிப்பு மிக்கவை. மருத்துவமனைச் சீட்டு, பழைய விடுப்புச் சான்று, பட்டாலியன் பெயரோடு எடுத்த குழுப் புகைப்படம் எதையும் ஒதுக்காதீர்கள். உடன் பணியாற்றியவர்களின் சாட்சியம் துணைச் சான்றாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆயினும் உங்கள் கம்பெனியிலேயே இருந்து, தம் டிஸ்சார்ஜ் புக்கில் இலங்கைப் பணி பதிவாகியுள்ள ஒருவர் கிடைத்தால், அந்தப் பக்கத்தின் நகலோடு அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை கிடைத்த பின் அனுப்பும் மனுவில், களப்பணிக் காலத்தைப் பதிவு செய்ய வேண்டும், இலங்கைப் பணிக்குரிய பதக்கத்தை வழங்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். காயத்துக்கான ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை இதோடு சேர்க்க வேண்டாம். நீங்கள் வெளியேறிய காலத்து விதிகள்படி, காயம்பட்டதை மெய்ப்பித்தால் மட்டும் அது கிடைத்துவிடாது. மருத்துவக் குழு ஊனத்தை 20 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நீங்கள் முழுத் தகுதியோடு வெளியேறியதாகக் குழு எழுதியிருந்தால் அதைத் தாண்டுவது மிகக் கடினம். அந்த அறிக்கையைப் படித்த பிறகே, அப்படி ஒரு கோரிக்கைக்கு இடமுண்டா என்று சொல்ல முடியும்.

தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2007-ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி, மனுவுக்குப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் தொடரலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு இன்றைக்கு ஒரு மனுப் போட்டு, அதற்கு வரும் மறுப்புக் கடிதத்தைப் புதிய தொடக்கமாகக் காட்ட முடியாது என்று 2008-ல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்துப் படிப்பார். மாதந்தோறும் குறைவாகக் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கு இந்தத் தடை அவ்வளவு கடுமையாக இல்லை. அதே 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் அதைத் தொடர்ந்து நிகழும் தவறாக நீதிமன்றம் ஏற்று, நிலுவைத் தொகையை மட்டும் வழக்குத் தொடர்ந்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் அடக்கியது. பதக்கத்துக்கும் களப்பணிப் பதிவுக்கும் அந்தச் சலுகை பொருந்தும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எனவே தீர்ப்பாயம் கடைசி வழியாகவே இருக்கட்டும். ஆவணம் கையில் இல்லாமல் அங்கே போவதில் பொருளில்லை.

மூலச் சான்றிதழ் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கை எல்லாப் பக்கங்களும் தெரியும்படி வண்ண நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை வீட்டில் வையுங்கள். கடிதங்களை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஸ்பர்ஷ் வேலையைப் பொதுச் சேவை மையத்தில் செய்தாலும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நிலுவையில் பாதி கொடுங்கள்’ என்று சொல்லும் இடைத்தரகர்கள் பென்ஷன் அலுவலக வாசல்களில் இன்னும் இருக்கிறார்கள்.

ஷீட் ரோலும் கிண்ட்ரட் ரோலும் கிடைத்ததும், குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகலோடு எனக்கு எழுதுங்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் ‘எழுத்துப் பிழை’ என்று எழுதுவதா, ‘இரு பெயரும் ஒருவரே’ என்று எழுதுவதா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.